யுத்தகால ஜேர்மனியின் சில்லறைக் கடதாசிகள்: சேகரிப்பு நோக்குப் பற்றிய ஒரு விமர்சனம்

வரலாற்று மூலங்கள் என்றதும் சாசனங்கள், உடன்படிக்கைகள், தலைவர்களின் உரைகள் என்பனவே பொதுவாக எம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வு பதிவாகுவது பெரும்பாலும் வேறு வகைக் கடதாசிகளிலேயாகும். கூப்பன், பயணச்சீட்டு, சுவரொட்டி, தபாலட்டை, துண்டுப்பிரசுரம், விண்ணப்பப் படிவம் முதலியன பயன் முடிந்ததும் வீசப்படுவதற்கென்றே அச்சிடப்பட்டவை. இவற்றைச் சில்லறைக் கடதாசிகள் என இக்கட்டுரையில் வழங்குவோம். இரண்டாம் உலக மகாயுத்த கால ஜேர்மனி இத்தகைய கடதாசிகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்தது. எஞ்சியவை இன்று ஏலங்களிலும் சேகரிப்போர் சந்தைகளிலும் விலைபோகின்றன. இவற்றைச் சேகரித்தல் தகுமா என்பதன்று எமது வினா. எத்தகைய நோக்கோடு சேகரித்தல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

சேகரிப்பைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தோருள் ஜேர்மன் விமர்சகரான வோல்ற்றர் பெஞ்சமின் முக்கியமானவர். தமது நூல்களைப் பெட்டிகளினின்று எடுத்தடுக்கும் அனுபவத்தை வைத்து 1931 இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகின்றது. சேகரிப்பவன் ஒரு பொருளை அதன் பயனுக்காக விரும்புவதில்லை. அது கைமாறி வந்த கதையையே விரும்புகின்றான் என்பது அவர் கருத்தின் சாரம். பயன்பட்டேயாக வேண்டும் என்னும் தளையிலிருந்து பொருளை விடுவிப்பவனாகவே சேகரிப்பவனை அவர் பின்னரும் விளக்கினார். பழைய நூல்களைப் பொறுத்தவரை இக்கருத்து மறுத்தற்கரியது. ஆனால், நாம் எடுத்துக்கொண்ட கடதாசிகளுக்கு இதனை அப்படியே பொருத்துவது தவறாகும். ஏனெனில், இவற்றின் பொருள் முழுவதும் இவற்றின் பயன்பாட்டிலேயே தங்கியுள்ளது. பயன்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட மறுகணமே இவை வெறும் வர்ணக் காகிதங்களாகி விடுகின்றன.

உணவுப் பங்கீட்டு அட்டையை உதாரணமாகக் கொள்வோம். போலந்து மீதான படையெடுப்பு 1939 செப்ரெம்பர் 1 ஆந் திகதி ஆரம்பமாயிற்று. ஜேர்மனியிலோ பங்கீட்டு முறை அதற்குச் சில நாள்கள் முன்னரே, ஆகஸ்ட் மாத இறுதியில், நடைமுறைக்கு வந்துவிட்டது. யுத்தம் தொடங்குமுன்னரே அச்சாகிக் காத்திருந்த அட்டை, யுத்தம் எவ்வாறு திட்டமிடப்பட்டது என்பதற்குச் சான்றாகின்றது. ரொட்டிக்குச் சிவப்பு, இறைச்சிக்கு நீலம் எனப் பண்டத்துக்கேற்ப அட்டையின் நிறம் வேறுபட்டது. கிராம் அளவு குறித்த சிறு கூப்பன்களைக் கடைக்காரர் வெட்டியெடுத்துக்கொண்டு பண்டத்தை வழங்குவார். இதுவரை கூறியது பங்கீட்டைக் கண்ட எந்த நாட்டுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

ஆனால், யூதருக்கு வழங்கப்பட்ட அட்டைகளில் 'யூதர்' என்பதைக் குறிக்கும் ஜேர்மன் முதலெழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. 1940 ஜூலை முதல் பேர்லின் நகரில் யூதர் மாலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரத்தில் மாத்திரமே கடைக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். 1939 நவம்பரில் உடைகளுக்கென 100 புள்ளிகள் கொண்ட அட்டை அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டிலேயே அது யூதருக்கு மறுக்கப்பட்டது. 1942 ஒக்ரோபரில் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றுக்கான பங்கும் அவர்களுக்கு நிறுத்தப்பட்டது. ஒரே அச்சு, ஒரே தாள். ஓர் எழுத்து மாத்திரமே வேறுபாடு. அந்த ஓர் எழுத்து, கடைக்காரரையும் வரிசையில் நின்ற அயலவரையும் அரசின் கொள்கையில் பங்காளராக்கிற்று. இனவெறுப்பு மேடைப் பேச்சில் மட்டுமன்றி, கடை மேசையிலும் கத்தரிக்கோலிலும் நாள்தோறும் செயற்பட்டமையை இவ்வட்டை எமக்கு உணர்த்துகின்றது.

இனிச் சந்தையின் அளவுகோலை நோக்குவோம். மடிப்பில்லாத, வெட்டப்படாத, கறைபடாத தாளையே சந்தை பெரிதும் மதிக்கின்றது. வரலாற்று நோக்கில் இம்மதிப்பீடு தலைகீழானது. வெட்டப்பட்ட இடைவெளிகளே ஒரு குடும்பம் எதை வாங்கியது, எதை வாங்க முடியாமற் போயிற்று என்பதைச் சொல்ல வல்லவை. கறையும் மடிப்புமே அத்தாள் ஒரு மனிதனின் சட்டைப்பையில் இருந்தமைக்குச் சான்று. சந்தை குறையென ஒதுக்குவதை வரலாறு செய்தியென ஏற்கின்றது.

பொருளின் பின்னணியை மறந்து, அதன் பெயர்க்கவர்ச்சியில் மயங்கும் சேகரிப்பு எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு 1983 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம் போதும். ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று கூறப்பட்ட ஏடுகளை 'ஸ்ரேர்ண்' சஞ்சிகை 93 லட்சம் மார்க் கொடுத்துப் பெற்றது. வரலாற்றாசிரியர் ஹியூ ட்றெவர்-றோப்பரே முதலில் அவற்றை மெய்யென நம்பினார். மேற்கு ஜேர்மனியின் சமஷ்டி ஆவணக் காப்பகம் பரிசோதித்தபோது, யுத்தத்தின் பின்னரே பாவனைக்கு வந்த வெண்மையூட்டும் இரசாயனம் அக்கடதாசியில் இருப்பது தெரியவந்தது. அவற்றை எழுதியவர் நாஸி ஞாபகப்பொருள்களை விற்றுவந்த கொன்ராட் கூஜோ என்பவர். சேகரிப்போரின் ஆசையை நன்கறிந்திருந்தமையே அவரது மூலதனமாயிற்று.

எனவே, ஒரு கடதாசியைக் கையிலெடுப்பவர் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: இதனை யார் வெளியிட்டார்? யாருக்காக வெளியிட்டார்? இதுவரை இதனை யார் காப்பாற்றினார்? இவற்றுள் மூன்றாவது வினா பெரும்பாலும் கேட்கப்படாமலே விடப்படுகின்றது. அதன் முக்கியத்துவத்தை ஒற்றோ ஹம்பெல், எலீஸே ஹம்பெல் என்னும் பேர்லின் தொழிலாளத் தம்பதியரின் கதை நன்கு காட்டுகின்றது. எலீஸேயின் சகோதரர் 1940 இல் போர்முனையில் இறந்தார். அதன்பின் இருவரும் ஹிட்லருக்கெதிரான வாசகங்களைத் தபாலட்டைகளில் கையால் எழுதி, மாடிப்படிகளிலும் தபாற்பெட்டிகளிலும் இரகசியமாக இட்டு வந்தனர். இரு ஆண்டுகளில் 200 க்கு மேற்பட்ட அட்டைகள் எழுதப்பட்டன. கண்டெடுத்தோர் அவற்றுட் பெரும்பாலானவற்றைப் பொலிசாரிடமே ஒப்படைத்தனர். 1943 ஏப்ரல் 8 ஆந் திகதி இருவரும் கொல்லப்பட்டனர். அக்கோவையை ஆதாரமாகக் கொண்டே ஹான்ஸ் ஃபலாடா தமது இறுதிக் காலத்து நாவலை எழுதினார்; அது 1947 இல் வெளிவந்தது.

இன்று அவ்வட்டைகள் எமக்குக் கிடைப்பது கெஸ்டாப்போ அவற்றைக் கோவைப்படுத்தி வைத்திருந்தமையினாலாகும். ஆதலின், ஒவ்வோர் அட்டையும் இருவகைச் சான்றாகின்றது. எழுதியவரின் துணிவு அதன் முகத்தில் உள்ளது; கண்டெடுத்தவரின் அச்சம், அது கோவையில் இருக்கும் உண்மையிலேயே உள்ளது. ஃபலாடாவின் நாவல் இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவதனாலேயே சிறப்படைகின்றது. வீரத்தை மாத்திரம் கூறியிருப்பின் அது வெறும் புகழ்மாலையாகவே முடிந்திருக்கும்.

மாணவராகிய எமக்கு இன்னோர் உதாரணம் நெருக்கமானது. 1943 பெப்ரவரி 18 ஆந் திகதி மியூனிக் பல்கலைக்கழகத்தில் துண்டுப்பிரசுரங்களைப் பரப்பிய ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் ஆகிய சகோதரர் அங்குப் பணிபுரிந்த காவலாளி ஒருவராற் பிடிக்கப்பட்டனர். நான்கு நாள்களின் பின், கிறிஸ்ரோஃப் புறொப்ஸ்ற் என்னும் தோழருடன் அவர்கள் சிரச்சேதம் செய்யப்பட்டனர். அப்பிரசுரத்தின் பிரதியொன்று நாட்டுக்கு வெளியே கடத்தப்பட்டு, மறுபதிப்பாகி, அவ்வாண்டிலேயே நேசநாட்டு விமானங்களிலிருந்து ஜேர்மனி மீது வீசப்பட்டது. ஆகவே, அப்பிரசுரம் கிடைத்தால் அது எந்தப் பிரதி என்று அறிவது பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. ஒன்று உயிரைப் பணயம் வைத்துச் சுமந்தது. மற்றையது வானிலிருந்து விழுந்தது.

இவ்விடத்து ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். தனிச் சேகரிப்போர் இல்லையாயின் இக்கடதாசிகளிற் பெரும்பகுதி அழிந்திருக்குமன்றோ என வினவலாம். இது நியாயமான மறுப்பே. சேகரிப்பு ஒரு போராட்டமாகவே நிகழ்ந்த சந்தர்ப்பங்களும் உள. ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூத அறிஞர் அல்பிரட் வீனர், 1930 களில் அம்ஸ்ரர்டாமிலிருந்து நாஸிகளின் பிரசுரங்களையும் செய்தித்துணுக்குகளையும் திரட்டினார். 1939 இல் லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அத்தொகுதி, யுத்தத்தின் பின் நியூரம்பேர்க் விசாரணைகளுக்கு உதவிற்று. ஆக்கிரமிக்கப்பட்ட வார்சோவின் யூதச் சேரியில் வரலாற்றாசிரியர் இமானுவேல் றிங்கெல்ப்ளமும் தோழர்களும் ஜேர்மன் அறிவித்தல்களோடு, பங்கீட்டு அட்டைகளையும் இனிப்புச் சுற்றிய தாள்களையும்கூடச் சேர்த்து, உலோகப் பெட்டிகளிலும் பாற்கேன்களிலும் இட்டுப் புதைத்தனர். 1946 இலும் 1950 இலும் அவற்றின் இரு பகுதிகள் தோண்டியெடுக்கப்பட்டன. றிங்கெல்ப்ளம் 1944 இலேயே கொல்லப்பட்டுவிட்டார்.

இவர்கள் எவரும் கடதாசியை அதன் பயன்பாட்டிலிருந்து விடுவிக்க முனையவில்லை. அது எதற்குப் பயன்பட்டது என்பதை மறக்கவொண்ணாதபடி செய்யவே சேர்த்தனர். சேகரிப்பு என்ற ஒரே பெயரால் இதனையும் அலமாரி அழகையும் அழைப்பது சொல்லின் வறுமையே.

பெஞ்சமினைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. 1931 இல் அவர் கண்டிராத ஒன்றைக் காலம் பின்னர் காட்டிற்று. 1940 செப்ரெம்பரில் பிரான்சினின்று தப்பி ஸ்பானிய எல்லை ஊரான போர்ட்போவை அவர் அடைந்தபோது அமெரிக்க விசா அவரிடம் இருந்தது. பிரான்சைவிட்டு வெளியேறுவதற்கான அனுமதி இருக்கவில்லை. திருப்பி அனுப்பப்படுவர் என அறிந்த அவர் அவ்விரவே தம்முயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு முத்திரையிட்ட தாள் மனித வாழ்வை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கக்கூடும் என்பதற்கு, சேகரிப்பின் தத்துவத்தை எழுதியவரின் முடிவே சான்றாயிற்று. யுத்தகாலக் கடதாசியொன்றைக் கையிலெடுக்கும் எவரும், அதன் விலையை வினவுமுன், அது ஒருகால் யாருடைய கையில் இருந்தது, யாருடைய கையில் இல்லாமற் போயிற்று என்பதை வினவுதல் வேண்டும்.