எரிபொருள் அச்சமும் இலக்கியமும்

சென்ற தவணையிலே எமது உயர்தர வகுப்பு மாணவருக்கு 'முப்பது ஆண்டுகளின் பின் எனது ஊர்' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதுமாறு பணித்திருந்தோம். 31 கட்டுரைகள் வந்தன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, சிலவற்றிலே எழுதியவரும் ஊரில் இல்லை, கனடாவிலிருந்து ஊரை நினைத்துப் பெருமூச்செறிகிறார். நன்றாக எழுதவல்ல மாணவி ஒருத்தி இருண்ட வீடொன்றைச் சித்திரித்திருந்தாள். உள்ளே பூட்டிய அறையில் இரண்டு கான் மண்ணெண்ணெய். அதற்குக் காவலாகக் கையிற் கத்தியோடு தகப்பன். வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தட்டுபவர் யாரென்று அவள் எழுதவில்லை.

இப்பிள்ளைகள் 2022ஆம் ஆண்டை அறிந்தவர்கள். நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதையும், எரிபொருள் நிலையங்களின் முன்னாலே தந்தையர் இரவைக் கழித்ததையும் சிறு வயதிலே கண்டவர்கள். தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்ட செய்தியையும் கேட்டவர்கள். ஆகவே அவர்களுடைய அச்சத்தை வெறும் மனமயக்கம் என்று ஒதுக்குதல் நேர்மையாகாது. ஆயினும் அச்சம் வேறு, அச்சம் பூணும் உருவம் வேறு. அந்த மாணவியின் தகப்பனாரை யாம் அறிவோம். 2022இல் அவர் கத்தியோடு நிற்கவில்லை. பின்னால் நின்றவரிடம் தம் இடத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துச் சென்றார். திரும்பி வந்தபின் அவருடைய இடத்தை இவர் காத்தார். அப்படியாயின் கத்தி எங்கிருந்து வந்தது? திரைப்படத்திலிருந்தும் கதைப் புத்தகத்திலிருந்தும் வந்தது. அனுபவத்தை விடக் கற்பனை ஒரு பிள்ளையின் மனத்தை இவ்வளவு ஆழமாகப் பற்றிக்கொள்ளுமாயின், அக்கற்பனையின் பிறப்பையும் சார்பையும் ஆராய்வது இலக்கிய விமர்சனத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.

இந்த அச்சத்துக்கு நீண்டதோர் எழுத்து வரலாறு உண்டு. 1865ஆம் ஆண்டிலே வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ் என்ற 29 வயது இளைஞர் 'நிலக்கரிப் பிரச்சினை' என்னும் நூலை இங்கிலாந்தில் வெளியிட்டார். உலகத் தொழிலுற்பத்தியின் தலைமையில் பிரித்தானியா வீற்றிருந்த காலம் அது. அத்தலைமை நிலக்கரியின் மேல் நிற்கிறது. கரியோ நாளுக்கு நாள் ஆழத்துக்குச் செல்கிறது. ஆழத்திலிருந்து எடுக்க எடுக்கச் செலவு ஏறும், செலவு ஏற ஏற நாட்டின் வளர்ச்சி நின்றுபோகும் என்பது அவர் வாதம். இயந்திரங்களைச் சிக்கனமாக்கினாற் கரி மிஞ்சும் என்று எண்ணியவர்களுக்கும் அவர் மறுமொழி கூறினார்: சிக்கனமான இயந்திரம் கரியின் பயனை மலிவாக்கும், மலிவானதை மக்கள் மேலும் நாடுவர், ஈற்றிற் கரிச்செலவு கூடுமேயன்றிக் குறையாது. கூர்மையான சிந்தனை, இன்றும் பொருளியல் வகுப்புகளிற் படிக்கப்படுவது. 1866இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்ரன் இந்நூலைக் காட்டித் தேசியக் கடனைக் குறைக்கவேண்டும் எனப் பாராளுமன்றத்தில் வாதிட்டார். நிலக்கரி இருப்பை ஆராய அரச ஆணைக்குழு ஒன்றும் அவ்வாண்டே நியமிக்கப்பட்டது.

ஜெவன்ஸைப் பற்றி 1936இல் கெயின்ஸ் எழுதிய கட்டுரையிலே வரும் சிறு செய்தியொன்று எமக்கு அந்நூலை விடவும் விளக்கந் தருவதாகப் படுகிறது. தாளுக்கும் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சிய ஜெவன்ஸ், எழுதுதாளையும் பொதிகட்டும் தாளையும் வாங்கி வாங்கி வீட்டிற் குவித்தாராம். 1882இல் அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும் அப்பொதித்தாளை அவருடைய பிள்ளைகளால் உபயோகித்து முடிக்க இயலவில்லையாம். ஒரு தேசத்தின் எதிர்காலத்தை எடைபோட முற்பட்ட பேரறிஞர், அச்சம் நெஞ்சைத் தொட்டதும் தம் வீட்டு அறையை நிரப்பலானார். இதனைச் சொல்லிச் சிரிப்பது எளிது. 2022இல் எரிவாயு உருளைக்காக நாம் எப்படி நடந்தோம் என்பதை எண்ணிய பின் சிரிப்பது அவ்வளவு எளிதன்று.

ஜெவன்ஸ் அஞ்சிய வீழ்ச்சி வந்தது. ஆனால் அவர் அஞ்சிய வழியாக வரவில்லை. பிரித்தானிய நிலக்கரி உற்பத்தி 1913இல் 287 மில்லியன் தொன் என்னும் உச்சத்தை அடைந்தது. அவ்வாண்டில் 11 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சுரங்கங்களில் உழைத்தனர். அதன் பின்னர் தளர்ச்சி தொடங்கியது. எண்ணெயும் வாயுவும் வந்தன. மலிவான வெளிநாட்டுக் கரி வந்தது. 1984 மார்ச் முதல் ஓராண்டுக் காலம் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தோல்வியுற்றனர். கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரிலும், நிலக்கரியால் இயங்கிய கடைசி மின்னிலையம் 2024 செப்தெம்பர் 30ஆம் திகதியும் மூடப்பட்டன. மண்ணுக்குள்ளே கரி இன்னும் கிடக்கிறது. தீர்ந்துபோனது கரியன்று, கரியெடுத்தவர்களின் பிழைப்பு. 'நாடு வீழும்' என்று ஜெவன்ஸ் எழுதியபோது நாடு என்ற சொல்லுக்குள்ளே இலண்டன் வங்கியாளனையும் யோர்க்ஷயர்ச் சுரங்கத் தொழிலாளியையும் ஒன்றாக அடைத்துவிட்டார். வீழ்ச்சி வந்தபோது இருவரும் ஒன்றாக வீழவில்லை.

ஜெவன்ஸின் பொதித்தாள் மனோபாவம் நம் காலத்தில் நாவலாகவே உருப்பெற்றுவிட்டது. ஜேம்ஸ் ஹவார்ட் குன்ஸ்லர் என்னும் அமெரிக்க எழுத்தாளர், எண்ணெய் வளம் குன்றி அமெரிக்க வாழ்க்கை முறை நொறுங்கும் என 2005இல் ஒரு நூலை எழுதினார். அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. அமெரிக்க எண்ணெய் உற்பத்தி உச்சத்தை அடைந்து பின் இறங்கும் என்று ஹபேட் என்ற புவியியலாளர் 1956இற் கூறியது, 1970இல் மெய்யாகியிருந்தது. பின்னர் பாறைகளைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவி, 2018இல் அவ்வுச்சமும் தாண்டப்பட்டது என்பது வேறு கதை. குன்ஸ்லர் தம் எச்சரிக்கையை 2008இல் 'கையால் ஆக்கிய உலகம்' என்னும் நாவலாக்கினார்.

நியூ யோர்க் மாநிலத்திலுள்ள ஒரு சிற்றூர். எண்ணெய் இல்லை. வாஷிங்டனும் லொஸ் ஏஞ்சல்ஸும் குண்டுகளால் அழிந்துவிட்டன. கொள்ளைநோய் பலரைக் கொண்டுபோயிற்று. முன்பு மென்பொருள் நிறுவனமொன்றில் உயர்பதவி வகித்த றொபேட் ஏர்ள் இப்போது தச்சர்; கதையைச் சொல்பவரும் அவரே. ஆற்றில் மீனும் தோட்டத்திற் காய்கறியும் மாலையில் அயலவர் கூடிப் பாடும் பாட்டும் உண்டு. இயற்கை வருணனையிலே குன்ஸ்லரின் கை தேர்ந்த கை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். மோட்டார் ஓசை அடங்கிய கோடை காலத்தின் அமைதி அவ்வெழுத்தில் நம் காதிற் கேட்கிறது.

ஆனால் அவ்வூரின் எல்லையிலே புல்லொக் என்ற பெருநிலக்கிழார் இருக்கிறார். ஊர் இருளில் மூழ்கியிருக்க, அவருடைய பண்ணையில் நீரோட்டத்தால் இயங்கும் மின்சாரம் எரிகிறது. தம் சுதந்திரத்தைக் கொடுத்துப் பாதுகாப்பையும் உணவையும் பெற்ற குடும்பங்கள் அப்பண்ணையிலே உழைக்கின்றன. இது நிலப்பிரபுத்துவமன்றி வேறென்ன? ஊரின் அலுவல்களை ஆண்களே நடத்துகின்றனர். பெண்கள் சமைக்கின்றனர், தைக்கின்றனர், காத்திருக்கின்றனர். பழைய வேற்றுமைகள் திரும்பி வந்துவிட்டன எனக் கதைசொல்லி, மழை வந்தது என்று சொல்பவரைப் போல் சொல்லிச் செல்கிறார். இந்நாவலின் அடிப்படைக் குறைபாடு இங்கேதான் இருக்கிறது. எண்ணெய் போயிற்று, ஆகவே சமத்துவமும் போயிற்று என்கிறார் ஆசிரியர். இந்த 'ஆகவே' எப்படி வந்தது என்று நாவலில் எவரும் வினவுவதில்லை. நீர்மின்சாரத்தை ஊருக்குப் பகிர்ந்தால் என்ன என்று பண்ணையின் உழைப்பாளி ஒருவராவது கேட்டிருந்தால் கதை வேறு திசையிற் சென்றிருக்கும். எரிபொருளின் பற்றாக்குறை இயற்கையாக இருக்கலாம். விளக்கு புல்லொக்கின் வீட்டில் மட்டும் எரிவது இயற்கையன்று.

இதனோடு ஒப்பிட வேண்டிய நூல் நூற்றுப்பதினெட்டு ஆண்டுகள் மூத்தது. வில்லியம் மோறிஸ் 1890இல் சோஷலிசக் கழகத்தின் பத்திரிகையிலே தொடராக எழுதிய 'இல்லாவூர்ச் செய்திகள்' என்னும் கற்பனைக் கதையிலும் புகைபோக்கிகள் இல்லை; தேம்ஸ் நதி தெளிந்தோடுகிறது; மனிதர் கையாலே அழகிய பொருள்களை ஆக்குகின்றனர்; கோடையில் வைக்கோல் அறுக்கின்றனர். மேலோட்டமாகப் பார்ப்பவர் இரண்டும் ஒரே ஊரென்று மயங்கலாம். ஆனால் மோறிஸின் ஊரிலே புல்லொக் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு மோறிஸ் நெடியதோர் அத்தியாயம் ஒதுக்குகிறார். துறபல்கர் சதுக்கத்திலே மக்கள் சுடப்படுவதும், பொது வேலைநிறுத்தமும், உள்நாட்டுப் போரும் முதியவர் ஒருவரின் வாயிலாகக் கூறப்படுகின்றன. குன்ஸ்லரிடத்தில் மாற்றம் குண்டாகவும் நோயாகவும் மனிதர் தலையில் விழுகிறது. மோறிஸிடத்தில் மனிதர் மாற்றத்தைச் செய்கின்றனர், செய்யும்போது சாகவும் செய்கின்றனர்.

மோறிஸையும் நாம் தலையிற் தூக்கிவைக்க வேண்டியதில்லை. அவருடைய ஆற்றிலே செல்லும் பாரப்படகுகள் ஏதோ ஒரு 'விசை'யால் இயங்குகின்றன. அவ்விசை யாது என்று அவர் சொல்லவில்லை. எரிபொருள் பற்றிய கேள்வியை அந்த ஒரு சொல்லாலே மூடிவிட்டார். பெண்கள் விஷயத்திலும் அவர் நொண்டியடிக்கிறார். விருந்தினருக்கு உணவு பரிமாறுபவர் அங்கும் பெண்களே; வீட்டை நடத்துவதில் அவர்களுக்கு விருப்பம் என்று முதியவர் வாதாடுகிறார். வாதாடுகிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். வாதத்தை நாம் மறுக்கலாம். மழையை மறுக்க முடியாது.

மீண்டும் 2022க்கு வருவோம். அவ்வாண்டிலே உலகத்தில் எண்ணெய் வற்றிவிடவில்லை. விலை ஏறியிருந்தது உண்மை. ஆனால் எண்ணெய் ஏற்றிய கப்பல்கள் கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. கொடுக்க டொலர் இருக்கவில்லை. 2019இன் இறுதியில் வரிகள் குறைக்கப்பட்டமை, உல்லாசப் பயணத்துறை வீழ்ந்தமை, 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டமை, பல்லாண்டுக் கடன் ஆகியன சேர்ந்து, ஏப்ரில் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என அரசாங்கம் அறிவிக்கும் நிலையைக் கொண்டுவந்தன. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் 26இல் 470 ரூபாவாயிற்று. வாகனத்துக்கு இவ்வளவுதான் எனப் பங்கீட்டு அட்டை முறை வந்தபின் வரிசைகள் சுருங்கின. இறக்குமதி ஓரளவு சீரானதும் அதற்குக் காரணமே. எனினும் ஒரே வகை வாகனத்துக்கு ஒரே அளவு என்ற விதி செய்த வேலையைக் குறைத்து மதிப்பிடலாகாது. வாகனம் உடையவனுக்கு இந்த நீதி கிடைத்தது. வாகனம் இல்லாதவனுக்கு? அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. கரையோரத்து மீனவனின் படகும் தோட்டத் தொழிலாளியின் விளக்கும் அந்த எண்ணெயில்தான் எரிந்தன.

யாழ்ப்பாணத்திலே இதற்கு முன்பும் ஓர் இருட்காலம் இருந்தது. 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, எரிபொருளுக்குத் தடையும் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் ஒரு திரியும் வைத்து, சொட்டுக் கணக்கிலே மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளை மிதித்து அதன் டைனமோவால் வானொலி கேட்டார்கள். பெற்றோலைச் சில துளி காட்டி மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இவற்றைக் கூறிப் பெருமிதப்படும் வழக்கம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. அத்திறமையை யாமும் மதிக்கிறோம். ஆயினும் எமது தாயார் அவ்விளக்கைப் பற்றிப் பேசும்போது பெருமிதத்தோடு பேசியதில்லை. கண் எரிவைப் பற்றியும் இருமலைப் பற்றியுமே பேசுவார். 'அந்த லாம்பைப் படம் பிடிச்சுச் சுவரிலை மாட்டிறவை, அதிலை ஒரு நாள் படிச்சுப் பாக்கட்டும்' என்பார். பற்றாக்குறையை அழகாக்கிக் காட்டும் கதையும் பற்றாக்குறையைப் பூதமாக்கிக் காட்டும் கதையும் ஒரே தவறைச் செய்கின்றன: இரண்டும் அதனை உண்டாக்கியவரைக் கதைக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன.

2022ஐப் பற்றி நம்மவர் எழுதிய சிறுகதைகளுட் கைக்கெட்டிய சிலவற்றை இக்கட்டுரைக்காக மீண்டும் படித்தோம். பெரும்பாலானவை வரிசையில் நிற்கும் தனிமனிதனின் சலிப்போடு தொடங்கி அவன் வெறுங்கையோடு திரும்புவதோடு முடிகின்றன. வெயிலும் வியர்வையும் நன்றாக வந்திருக்கின்றன. வரிசையிலே நின்றோர் பெயர்ப்பட்டியல் எழுதி இலக்கமிட்டுத் தமக்குள் ஒழுங்கு செய்துகொண்டதையோ, பட்டியலிற் சேராமற் பின்வாசலால் எண்ணெய் பெற்றவர் எவர் என்பதையோ எழுதிய கதை எமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நாவலுக்குரிய பொருள் அங்கேதான் கிடக்கிறது. அப்பட்டியலை எழுதிய அப்பியாசக் கொப்பி ஒன்றை நண்பர் ஒருவர் இன்னும் வைத்திருக்கிறார். மூன்று நாளுக்குள் நான்கு கையெழுத்துகள் அதில் மாறுகின்றன. 64ஆம் இலக்கத்துக்கு எதிரே 'பிள்ளைத்தாச்சி மனைவி, முன்னுக்கு விடவும்' என்று எழுதியிருக்கிறது. விட்டார்களா என்பது கொப்பியில் இல்லை.

அந்தக் கொப்பியை வகுப்புக்குக் கொண்டுசென்று காட்டினோம். மாணவியின் கட்டுரைக்கு நல்ல புள்ளி இட்டு, ஓரத்திலே ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தோம்: கதவைத் தட்டுபவரின் பெயர் என்ன? மறுநாள் அவள் வந்து, 'சேர், பெயர் வைச்சால் கதை மாறீடும்' என்றாள். மாறட்டும் என்றோம். இன்னும் எழுதித் தரவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.