படம் மறைந்தது, பாட்டு நிலைத்தது

சினிமாப் பாட்டென்றாலே முகஞ் சுளிக்கும் முற்போக்கு விமர்சகர் நம்மிடையே உளர். அவர்களுக்கு 1960 இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்தை நினைவூட்ட விரும்புகிறோம். நிமாய் கோஷ் இயக்கி, எம். பி. சீனிவாசன் இசையமைத்த அப்படம் தொழிலாளரையும் தொழிற்சங்கத்தையும் பற்றியது. வணிகத்தில் அது தோற்றது. ஆயினும் பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்த ஜெயகாந்தன் அதற்கு எழுதிய காதற்பாட்டு இன்றும் வாழ்கிறது.

பிடித்த பாட்டு எதுவென்று கேட்டால் மூத்தோர் பலர் இதனைச் சொல்வர். சொல்லும்போது அவர்கள் நெஞ்சில் எழுவன கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியும், இரவு வானொலியும், காலஞ்சென்ற தாயாரின் முணுமுணுப்பும். பி. பி. ஸ்ரீநிவாஸ், எஸ். ஜானகி ஆகியோரின் குரலினிமையை வியப்பர். ஜெயகாந்தனின் பெயரைக் கேட்டதும் திகைப்பர். தொழிற்சங்கமோ எவர் நினைவிலும் இல்லை! தனிமனித மறதியென்று இதனைத் தள்ளிவிட முடியுமா? இசைத்தட்டும் வானொலியும் பாட்டைப் படத்தினின்று பிரித்தே நம்மிடம் சேர்த்தன.

இன்னொன்றும் உண்டு. தொழிலாளிக்கும் தென்றல் உண்டு, காதல் உண்டு. அதனை மென்மையென இகழும் தோழர்கள் அப்படத்தைச் செய்தோரைவிடக் குறுகிய பார்வையினர் என்றே கருதுகிறோம். வகுப்பிலே இப்பாட்டை ஒலிக்கச் செய்து, படத்தின் கதையையும் உடன் சொல்ல எண்ணியிருக்கிறோம்.