ஊவாக் காற்றும் மூன்று துறைகளும்

நமது மாகாணத்தில் ஆராய்ச்சிகள் பல்கிவிட்டன என்று மகிழ்கின்றோம். 1925 இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற்குப் பசறையிலும் ஒரு பிரிவு உண்டு. 2005 முதல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்கிவருகின்றது. துறைகள் பெருகின. துறைகளுக்கிடையே வழி உண்டாயிற்றா என்பதே எமது வினா.

யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறண்ட காற்றை எடுத்துக்கொள்வோம். அக்காலத்திற் கொழுந்து வளர்ச்சி குன்றும், மணமோ மிகும். மீதைல் சலிசிலேற்று என்னும் பொருளுக்கு அம்மணத்திற் சிறந்த பங்குண்டென இரசாயனவியலார் காட்டினர். கொழும்பு ஏலத்தில் அத்தேயிலை பெறும் உயர்விலையை வர்த்தகவியலார் கணக்கிடுவர். நன்று. ஆயின், கொழுந்தற்ற மலையிலே குறித்த நிறை நிரம்பாமல் அரைப்பேருடன் லயத்திற்கு மீளும் பெண்ணை ஆராய்வது எத்துறை? அவளது இரத்தச்சோகையைச் சுகாதாரத்துறையினர் அளப்பர். ஏலவிலை அங்கே பேசப்படுவது அரிது. ஒரே காற்று ஒருவருக்கு மணம், ஒருவருக்கு விலை, அவளுக்கோ கூலிக்குறைவு.

நிற்க. இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. எவரைப் பற்றியதோ அவர் படிக்கவியலாத ஆராய்ச்சியைப் பாதி வேலை என்றே மதிப்போம். பட்டத்திற்கு அதுவே போதும் என்பார் இருக்கலாம், தோட்டத்திற்குப் போதாது.

உயர்தர வகுப்பு மாணவர் சிலர் தம் தோட்டத்து மழையளவையும் கொழுந்து நிறையையும் பேர் விழுந்த நாட்களையும் ஓராண்டுக்கு ஒரே ஏட்டில் தமிழிற் குறித்துவரலாம். செலவு ஒரு கொப்பியே. அதனை மூன்று துறையினரும் கேட்டு வாங்குவர்.