பழைமையின் பிரதிகள்: பேஸ்போல் அட்டைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு சமுதாயம் யாரை வீரராகப் போற்றியது, யாரை மறக்கத்தக்கவராகக் கருதியது என்பதை அறியக் காவியங்களிலும் பார்க்க அற்பப் பொருள்களே சில வேளைகளிற் கூடுதலாக உதவும். ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் அட்டைகள் அத்தகையன. அவற்றைப் பழைய பாணியில் மீண்டும் ஆக்குவதும், அதிகம் அறியப்படாத ஆட்டக்காரரின் அட்டைகளைத் தேடிச் சேகரிப்பதும் இன்று ஒரு போக்காகவே வளர்ந்துள்ளன. இப்போக்கின் பெறுமதி யாது என்பதே இங்கு எழும் வினா.

இவ்வட்டைகள் வணிகத்தின் விளைபொருள்கள். 1880களில் சிகரெட் பெட்டி நசியாதிருக்க வைக்கப்பட்ட தடித்த தாளிலேயே ஆட்டக்காரரின் உருவங்கள் அச்சாயின. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் ரொபாக்கோ நிறுவனம் வெளியிட்ட தொகுதி இவற்றுட் புகழ் மிக்கது. சேகரிப்போர் அதனை 'ரி 206' என்பர். முன்புறம் வண்ண ஓவியமும் பின்புறம் சிகரெட் விளம்பரமும் கொண்ட 500க்கு மேற்பட்ட அட்டைகள் அதில் அடங்கும். அத்தொகுதியின் ஹோனஸ் வாக்னர் அட்டையொன்று 2022 இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.

ஆயின் தொகுதி என்னும் வடிவத்தின் உட்பொருள் இவ்விலையில் இல்லை. அத்தொகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் சிறு லீக்குகளில் ஆடியவர்களுடையன. ஒரே அளவுத் தாளில், ஒரே ஓவிய முறையில் அவர்களும் வாக்னரோடு ஒருங்கே நிற்கின்றனர். பெயரறியா ஆட்டக்காரன் ஒருவனின் அட்டை இல்லையெனினும் தொகுதி முழுமை பெறாது. இத்தொகுதிக்கு 'ரி 206' என்ற குறியீட்டைத் தந்த ஜெபர்சன் பேர்டிக் இவ்வுண்மையை உணர்ந்தவர். சாதாரணத் தொழிலாளியாய் வாழ்ந்த அவர், தாம் திரட்டிய 3 இலட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் கலைக்கூடத்துக்கு அளித்து, 1963 இல் மறைந்தார். விலையன்று, முழுமையே அவர்தம் அளவுகோல்.

2001 இல் ரொப்ஸ் நிறுவனம் தனது 1952 ஆம் ஆண்டு அட்டையின் வடிவமைப்பில் அக்கால ஆட்டக்காரரை அச்சிட்டு வெளியிட்டது. 'ரி 206' இன் வடிவும் அடுத்த ஆண்டே மீட்கப்பட்டது. ஆனால் சில அட்டைகளை வேண்டுமென்றே குறைவாக அச்சிடும் உத்தி இன்று வழக்கமாகிவிட்டது. முன்னர் தற்செயலாக நேர்ந்த அருமை இப்போது திட்டமிட்டு உற்பத்தி செய்யப்படுகிறது. பழைமை மீதான ஏக்கமும் ஒரு பண்டமாகிறது.

எனினும் இதே பாணிக்கு வேறொரு பயனும் உண்டு. 'ரி 206' வெளிவந்த ஆண்டுகளிற் சிக்காகோவின் கறுப்பின அணிகளில் ஆடிய பீற் ஹில் பெரும் ஆற்றலாளர். 2006 இல் பேஸ்போல் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்டவர். அத்தொகுதியில் அவர் இல்லை. கறுப்பின ஆட்டக்காரர் எவருமே இல்லை. நிறவேற்றுமை அவர்களைப் பெரும் லீக்குகளிலிருந்து விலக்கியிருந்தது; ஜக்கி ரொபின்சன் அத்தடையை உடைத்தது 1947 இலேயே. 1974 இல் ஓவியர் ரொபேட் லோக்லின் முற்காலக் கறுப்பின ஆட்டக்காரரை 36 அட்டைகளில் வரைந்தார். இன்று சிறு வெளியீட்டாளரும் அத்தகையோருக்குப் பழைய பாணியில் அட்டைகள் ஆக்குகின்றனர்.

இது நீதியா, பொய்யா? இரண்டும் எனலாம். மறுக்கப்பட்ட முகம் காட்சிக்கு வருவது நீதி. ஆனால் மங்கிய வண்ணமும் தேய்ந்த ஓரமும் பூண்டு, அக்காலத்தில் அச்சானது போலவே அட்டை தோன்றுமாயின், விலக்கப்பட்ட வரலாறு மறைக்கப்படுகிறது. 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பின லீக்குகள் 2020 டிசெம்பரிற் பெரும் லீக்குகளாக ஏற்கப்பட்டபோது, அத்திருத்தம் தன் ஆண்டை வெளிப்படையாகத் தாங்கி நின்றது. போலிப் பழைமை பூண்ட அட்டையோ தன் பிறப்பை ஒளிக்கிறது.

ஆகவே இவ்வட்டைகளை மதிப்பிடுகையில் ஓவியத்தின் அழகை மட்டும் நோக்குதல் போதாது. பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். எந்த ஆண்டில் ஆக்கப்பட்டது, அவ்வாட்டக்காரனுக்கு அன்று ஏன் அட்டை இல்லாதிருந்தது என்ற இரண்டையும் சொல்லும் அட்டையே உண்மையான நினைவாகும். சேகரிப்போனும் பழைய தொகுதியின் வெற்றிடத்தை இட்டு நிரப்பாது, அதன் அருகே புதிய அட்டையை வைத்தல் தகும். அவ்வாறு வைத்தாலன்றி, அங்கே இல்லாதவர் யாவர் என்பது பார்ப்போர்க்குப் புலப்படாது.