மலையேறும் சொற்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்கு ஏறுகிறவர்களுக்கு வித்துராதான் அடிவாரத்து ஊர். கிழக்கே அகத்தியர்கூடம், அதைத் தாண்டினால் நெல்லைச் சீமை. தமிழும் மலையாளமும் உரசிக்கொள்ளும் இந்தச் சரிவு, முடிவைக் குறிக்கும் சொற்களைப் பற்றிப் பேசப் பொருத்தமான இடம். தமிழில் தெய்வமும் விளக்கும் கடைசியில் மலைக்குத்தான் போகின்றன. சாமியாடியவர் ஓய்ந்தால் 'சாமி மலையேறிடுச்சு'. சுடர் அணைந்தால் 'விளக்கு மலையேறிடுச்சு'.

இலக்கணமே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கில் மங்கலத்தை ஒரு வகையாக வைத்தது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் அதற்குக் காட்டப்படும் உதாரணங்கள். வீட்டுப் பெண்கள் இன்னும் துணிச்சலாகப் போனார்கள். தாலிக்கயிறு அறுந்தால் 'பெருகிடுச்சு'. அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு'. இதை வெறும் அச்சம் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'இல்லை' என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். 'நிறைஞ்சிருக்கு' என்று கேட்டவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறார்.

இதே மனம் மலையாளத்தில் அரசர்களுக்கென்று தனிச்சொற்களை ஆக்கியது. கொச்சி மன்னர் இறந்தால் 'தீப்பெட்டு'. திருவிதாங்கூர் மன்னர் இறந்தால் 'நாடுநீங்ஙி'. 1991இல் சித்திரைத் திருநாள் பலராம வர்மா மறைந்தபோது முடியாட்சி போய் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. நீங்குவதற்கு நாடு இல்லாத பின்னும் சொல் நீங்கவில்லை.

காவியங்களில் எங்கே நிறுத்துவது என்பதே கவிஞனின் தீர்ப்பு. கம்பன் முடிசூட்டோடு நிற்கவில்லை. 'விடை கொடுத்த படலம்' என்று ஒன்றை வைத்து, துணைவந்த சுக்கிரீவனையும் வீடணனையும் ஊருக்கு வழியனுப்பிய பிறகே முடிக்கிறான். சீதை மறுபடி காட்டுக்குப் போகும் உத்தரகாண்டத்தை அவன் பாடவில்லை. வில்லிபுத்தூராரின் பாரதமும் போர் முடிவோடு நின்றுவிடுகிறது. பாண்டவர்களின் கடைசிப் பயணம் அதில் இல்லை. தமிழில் பாடியவர்கள் இருவருமே கேட்பவரை எந்த மனநிலையில் வீட்டுக்கு அனுப்புவது என்று யோசித்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

பத்திரிகைத் தொடர்களின் காலத்தில் 'தொடரும்', 'முற்றும்' என்று எல்லாம் சுருங்கியது. ஆனாலும் 1954இல் பொன்னியின் செல்வனை முடித்த கல்கிக்கு 'முற்றும்' போதவில்லை. முடிவுரை ஒன்றையும் எழுதினார். அந்த டிசம்பரில் அவர் மறைய, அவர் எழுதிவந்த அமரதாரா நாவல் பாதியில் நின்றது. மகள் ஆனந்தி நிறைவு செய்தார். 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்த புதுமைப்பித்தனின் 'அன்னை இட்ட தீ' நாவலோ நிறைவு பெறாமலே நிற்கிறது.

முடிவைக் குறிக்கும் சொற்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மரணத்தையும் காப்பியத்தையும் தாண்டிப் பிழைப்பின் முடிவுக்கு வருவதில்லை என்பது என் குறை. வித்துராவுக்கு மேலே, போணக்காட்டுத் தேயிலை ஆலை ஓடாமல் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினரும் வாழும் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், சம்பள நிலுவைக்காகக் குடும்பங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தன. தோட்டம் முடிந்தது என்றால் கணக்குத் தீர்க்க வேண்டும், பணிக்கொடை தர வேண்டும். 'பூட்டிக் கிடக்கு' என்று சொல்லும்வரை அந்தக் கடன் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. தொழிலாளியும் லயத்தைக் காலி செய்ய முடிவதில்லை.