சீப்பு இழுத்த இரும்பு

ஜெர்மன் டாங்கிகளுக்குப் பூசிய சிம்மரிட்டின் அழகைப் பார்க்க விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் அது மங்கிய மஞ்சள் சொரசொரப்பு, அவ்வளவுதான். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் பாந்தர் டாங்கியின் பக்கத் தகடு முழுவதும் உழவுச்சால் போல வரிகள் எழுந்து நிற்கும். பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்த மாடல் ஒன்றை அப்படி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்த இரவில்தான் இந்தப் பூச்சு என்னைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் மூன்று கிலோ எடையுள்ள ஒரு கூம்பு வெடி இருந்தது. அதன் அடியில் காந்தங்கள் உண்டு. வீரன் ஒருவன் டாங்கிக்கு அருகே ஓடி அதை இரும்புத் தகட்டில் ஒட்டவைத்துவிட்டு விலக வேண்டும். நம்மிடம் இருப்பது நாளை எதிரியிடமும் இருக்குமே என்ற அச்சத்தில் பிறந்ததுதான் சிம்மரிட். பெர்லினைச் சேர்ந்த சிம்மர் ரசாயன நிறுவனம் உருவாக்கியதால் அந்தப் பெயர். காந்தத்தைத் தடுக்கும் சக்தி எதுவும் அதில் இல்லை. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தத்துக்கு அடியில் தடித்த அட்டையை வைத்துப் பாருங்கள், பிடி தளர்ந்து சரிந்துவிடும். சிம்மரிட்டும் அந்த அட்டையின் வேலையைத்தான் செய்தது: இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. வரிவரியாக இழுத்துவிட்டதால் குறைந்த பூச்சிலேயே அந்த இடைவெளி கிடைத்தது, காந்தம் படிய சமதளமும் இல்லாமல் போனது.

பேரியம் சல்பேட், பசையாக பாலிவினைல் அசிடேட், காவிமஞ்சள் நிறமி, துத்தநாக சல்பைடு, மரத்தூள். இவ்வளவுதான் சேர்மானம். இதைக் கரணையால் முதலில் ஒரு கை பூசிக் காயவிட்டார்கள். அதன்மேல் இரண்டாவது கை பூசி, பல் வைத்த உலோகச் சீப்பால் வரி இழுத்து, ஊதுவிளக்கின் சுடரைக் காட்டிக் காயவைத்தார்கள். சுவருக்குப் பூச்சு வேலை நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் தெரியாது. ஐம்பத்தேழு டன் எடையுள்ள டைகர் டாங்கியின் மேல் நடந்தது கொத்தனார் வேலை.

எதிரிகள் அப்படியொரு காந்த வெடியைப் பெரிய அளவில் பயன்படுத்தவே இல்லை. 1943-ன் பிற்பகுதியில் தொடங்கிய பூச்சு 1944 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. குண்டு பட்டால் பூச்சு தீப்பிடிக்கிறது என்று பரவிய பேச்சே அதற்குக் காரணம். சோதித்தபோது அது பொய் என்று தெரிந்தது, ஆனாலும் பூச்சு திரும்ப வரவில்லை. ஏறத்தாழ ஓராண்டு ஆயுள். இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் டைகர் 131-ல் இந்தப் பூச்சைத் தேடினால் கிடைக்காது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்ட வண்டி அது, சிம்மரிட் வருவதற்கு முன்பே அதன் போர் முடிந்துவிட்டது.

இனி மாடலுக்கு வருகிறேன். மூலப் பூச்சின் தடிமன் ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கடைகளில் அதிகம் கிடைக்கும் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அது 0.14 மில்லிமீட்டர், தடித்த காகிதத்தின் கனம். அங்கே பூச்சு வேலை பெயரளவுக்குத்தான். வார்த்தெடுத்த மெல்லிய ரெசின் தகடுகளையோ அச்சிட்ட ஒட்டுத்தாள்களையோ வாங்கி ஒட்டுகிறார்கள். நேர்த்தியாக இருக்கும், ஆனால் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. பதினாறில் ஒரு பங்கில் அதே தடிமன் 0.3 மில்லிமீட்டராகிறது. ஆறில் ஒரு பங்கில், ஒரு மீட்டருக்கு மேல் நீளும் டைகரின் உடலில், 0.8 மில்லிமீட்டர். விரல் நுனிக்கு வரி தட்டுப்படும் அளவு அது. இங்கே பூச்சைப் போலச் செய்ய வேண்டியதில்லை, பூச்சையே பூசலாம். அன்று தொழிற்சாலையில் நின்றவர் செய்த அதே அசைவை நம் மணிக்கட்டும் செய்கிறது. பெரிய அளவு மாடல்களை நான் விரும்ப இந்த ஒன்று போதும்.

பலரும் கையாளுவது இரண்டு பாகம் கொண்ட எபாக்சி புட்டி. சம அளவு எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, ஈரக் கையால் தட்டி மெல்லிய அடையாக்கி ஒட்டுவார்கள். அதற்கு முன் பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பழைய சுவரைக் கொத்திவிட்டுப் பூசுகிறோமே, அதே நியாயம். நான் முதன்முறை இதைச் செய்யாமல் விட்டேன். காய்ந்த பிறகு ஒரு பக்கத் தகட்டின் பூச்சு முழுதாக, அப்பளம் போலக் கழன்று கையில் வந்தது. சீப்பைப் பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். நுண்பல் ரம்பத்தின் அலகை அகலத்துக்கு ஏற்ப நறுக்கினாலே நல்ல சீப்பு கிடைக்கும். பல்லைத் தண்ணீரில் நனைத்து இழுத்தால் புட்டி ஒட்டாது. கத்திரி வெயில் நாட்களில் புட்டி சீக்கிரமே இறுகிவிடும் என்பதால் ஒரு பலகத்துக்குப் போதுமான அளவே பிசைவேன்.

கடினம் வரி இழுப்பதில் இல்லை, அதில் எவ்வளவு ஒழுங்கு வேண்டும் என்பதில் இருக்கிறது. பழைய புகைப்படங்களை உற்றுப் பாருங்கள். ஒரு பத்தி வரி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சீப்பு சற்றே ஏறியிருக்கும். இழுவைக் கொக்கியைச் சுற்றிக் கை நுழையாமல் பூச்சு குழம்பியிருக்கும். சில இடங்களில் கரணையின் தடம் அப்படியே நிற்கும். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு கைவழக்கம் இருந்தது. ஹென்ஷலில் பூசிய டைகருக்குக் கிடைமட்ட வரிகள், ஆல்கெட்டில் உருவான தாக்குதல் பீரங்கி வண்டிகளுக்குக் கட்டம் கட்டமான கோலம். பழகிய கண் வரியை மட்டும் பார்த்தே வண்டி எங்கே பிறந்தது என்று சொல்லிவிடும். ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. அந்தக் காலத்து ஜெர்மன் ஆயுதத் தொழிற்சாலைகளில் கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்டவர்கள் ஏராளம், காசல் நகரத்து ஹென்ஷலிலும்தான். ஒரு கோணல் வரியைப் பிரதி எடுக்கும்போது அதை இழுத்த கை யாருடையதோ, எந்த மனநிலையில் இழுத்ததோ என்ற நினைப்பு என்னை விடுவதே இல்லை. அந்தக் கோணலை நேராக்க எனக்கு மனம் வராது. எந்திரம் இழுத்தது போல வரிகள் அணிவகுக்கும் மாடல்கள் போட்டிகளில் பாராட்டுப் பெறலாம். எனக்கு அவற்றில் ஆள் இல்லாத வெறுமைதான் தெரிகிறது.

பெயர்ந்த இடங்கள் தனி அழகு. காய்ந்த சிம்மரிட் நொறுங்கும் தன்மையது, உரசலுக்கும் மோதலுக்கும் ஆளாகும் ஓரங்களில் சில்லுச் சில்லாக விழுந்துவிடும். அங்கே மூன்று நிறம் தெரிய வேண்டும்: மேலே போர்க்கள வண்ணம், உடைந்த விளிம்பில் பூச்சின் சொந்தக் காவிமஞ்சள், அடியில் இரும்புக்கு அடித்த செம்பழுப்பு முதல் வண்ணம். நடுவிலுள்ள அந்த மயிரிழை மஞ்சளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால்தான் பூச்சுக்குக் கனம் இருப்பது கண்ணுக்குப் படும். வரிகளின் முகட்டில் உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறம் தேய்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் எஃகு வண்டி மாவு தூவிய பலகாரம் போல ஆகிவிடும்.

போவிங்டனில் யாக்ட்டைகர் என்ற ஜெர்மன் டாங்கி வேட்டை வண்டி ஒன்று நிற்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் மட்டும்தான் சிம்மரிட், தரையில் நிற்கும் ஆளின் கை எட்டும் உயரம்வரை. அதற்கு மேல் வெறும் எஃகு. அடுத்து அதைத்தான் செய்யப்போகிறேன். பூச்சு நிற்கும் அந்த விளிம்பில், கையை உயர்த்திக் கடைசி வரியை இழுத்தவரின் சீப்பு எங்கே தகட்டைவிட்டு எழுந்தது என்பதைப் படங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.