நூதனசாலையில் ஒரு பர்மிய யாழ்

நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் நூதனசாலையின் இசைக்கருவித் தொகுதியிலே 'சவுங் கௌக்' எனும் பர்மிய வில்யாழ் இடம்பெற்றுள்ளது. வங்கியாளர் ஒருவரின் மனைவியான மேரி எலிசபெத் பிறவுண் 1889ஆம் ஆண்டு தொடக்கம் அந்நூதனசாலைக்கு வழங்கிய 3,000க்கு மேற்பட்ட கருவிகளுள் அதுவும் ஒன்று. அவற்றுட் பல மிஷனரிமார், இராசதந்திரிகள் முதலியோர் வாயிலாகத் திரட்டப்பட்டவை. அந்நன்கொடைக்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1885இல், பிரித்தானியர் மாந்தளையைக் கைப்பற்றித் தீபோ மன்னனை இரத்தினகிரிக்கு நாடுகடத்தினர். இக்கருவி கொள்ளைப்பொருள் என்று நாம் கூறவரவில்லை. அரண்மனை வீழ்ந்த காலமும் அரண்மனை இசையின் கருவி சேகரிப்பாளர் கைக்கு எட்டிய காலமும் அருகருகே அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது என்பதே எமது கருத்து.

இத்தகைய கருவிகளை 'மரபுவழிக் கருவி' எனச் சுட்டிவிடுதல் நூதனசாலைகளின் வழக்கம். அச்சொல் வரலாற்றை மறைக்கின்றது. பியூ மக்களின் சிறீசேத்திரப் புடைப்புச் சிற்பத்திலே வில்யாழ் காணப்படுவது உண்மையே. எனினும் இன்றைய கருவி அச்சிற்பத்தின் எச்சமன்று. 1767இல் அயோத்தியா வீழ்ந்தபின் சிறைப்பிடித்துக் கொணரப்பட்ட சீயக் கலைஞரின் இசையைப் பர்மிய அவைக்கு ஏற்ப அமைத்தவர் மியாவதி மிஞ்சி ஊ சா (1766-1853). ஏழு நரம்புகளைப் பதின்மூன்றாக்கியவரும் அவரே என்பர். பின்னர் அவை பதினாறு வரை பெருகின. பட்டு நரம்பின் இடத்தை நைலோன் பெற்றது. போரும் சிறைப்பிடிப்பும் கூட இம்'மரபின்' ஆக்கக் கூறுகளே.

இதனைக் கண்டவுடன் 'எமது யாழ்' என உவகை கொள்ளும் தமிழ் வாசகரும் சற்றுத் தயங்குதல் வேண்டும். உறவு உண்டு, வில்யாழ் இந்தியாவிலிருந்து சென்றதென்பதே ஆய்வாளர் பலரின் துணிபு. ஆனால், விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே மறைந்துபோன கருவியைக் கணிதத்தாலும் இலக்கியச் சான்றாலும் மீட்டெடுக்க நேர்ந்தது. பர்மாவிலோ அரசவை அழிந்த பின்னரும் வாசிப்போர் எஞ்சினர். பேணியது மரமன்று, மனிதர்.

ஷா மரத்தின் இயல்பாகவே வளைந்த வேரைத் தேடியெடுத்துக் கழுத்தாக்கி, படாக் மரத்துக் குடத்தின்மேல் மான்தோல் போர்த்து அரக்குப் பூசிய கைவினைஞரின் பெயர் பெரும்பாலும் எப்பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வாசிப்போர் கருவியை மடியில் இருத்தி வலக்கையால் மீட்டுவர். இடக்கைப் பெருவிரல் நகத்தால் உட்புறமிருந்து நரம்பை அழுத்திச் சுருதியை உயர்த்துவர். நரம்புகளைக் கழுத்துடன் பிணைக்கும் செந்நூற் கயிறுகளை நகர்த்தியே சுருதி கூட்டுவர். தீண்டுவாரின்றிக் கிடக்கும் கருவியிலே அக்கயிறுகள் வெறும் அலங்காரக் குஞ்சங்களாகவே தோன்றும்.